விசாரணையை நிறுத்தும் அதிகாரம் யார் கையில்? கோலாலம்பூர் 2015: ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜூலை 28, செவ்வாய்க்கிழமை. மலேசியாவின் சட்டத்துறைத் தலைவர் (அட்டர்னி ஜெனரல்) அப்துல் கனி பட்டாயில் இனி அந்தப் பதவியில் இல்லை என்று அரசாங்கத் தலைமைச் செயலாளர் அறிவித்தார். உடல்நலம் என்று காரணம் சொல்லப்பட்டது. அக்டோபர் வந்தால் கனி ஓய்வு பெற்றுவிடுவார். அதுவரைகூட அவரை விட்டுவைக்கவில்லை. அதே நாளில் துணைப் பிரதமர் முகைதீன் யாசினும் அமைச்சர் ஷாஃபி அப்டாலும் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் கணக்குகளைத் துருவிக்கொண்டிருந்த நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் நூர் ஜஸ்லானும் உறுப்பினர்கள் மூவரும் அரசாங்கப் பதவிகளுக்கு உயர்த்தப்பட்டார்கள். குழுவின் விசாரணை அப்போதைக்கு நின்றது.

இவை எல்லாம் பிரதமர் நஜிப் ரசாக்கின் நிர்வாகத்தில் நடந்தவை. விசாரணையின் மையத்தில் இருந்ததும் அவருடைய வங்கிக் கணக்குதான்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரம் இருந்தது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் பிரதமரின் ஆலோசனைப்படிதான். சட்டத்துறைத் தலைவர் மாமன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார் என்கிறது அரசியலமைப்பின் 145(5) பிரிவு. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் துணை அமைச்சர் பதவி தருவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆனால் நான்கையும் ஒரே நாளில், ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. அதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் கேட்ட கேள்வி

கடந்த சில ஆண்டுகளாக அமெரிக்க அதிபரின் பொறுப்புடைமையைப் பற்றிய விவாதம் நம் ஆட்களிடையேயும் சூடாக நடக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தால் போதும், டிரம்ப் பேச்சு வந்துவிடும். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா ஒரு முறை கேட்டார்: "தனக்குக் கீழே வேலை பார்க்கிறவனை மாத்த அவருக்கு உரிமை இல்லையா தம்பி? நாங்களும்தான் எத்தனை தடவை மாறியிருக்கோம்." நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே போக முடியாது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு, வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் காக்ஸ் கேட்டதுதான் காரணம். தலைமை வழக்கறிஞர் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்தார். மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க் உத்தரவை நிறைவேற்றினார். தனக்குக் கீழே இருப்பவரை மாற்றும் உரிமை நிக்சனுக்கு இல்லையா? பொதுவாக இருந்தது. அப்படியும் 1974 ஜூலையில் நாடாளுமன்றக் குழு நிறைவேற்றிய முதல் குற்றச்சாட்டு நீதிக்கு இடையூறு செய்ததுதான். அதே மாதம் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 8-0 என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எஃப்பிஐ விசாரணையைச் சிஐஏ மூலம் தடுக்கச் சொன்ன உரையாடல் வெளிவந்தது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் போய்விட்டார்.

அப்புறம் 2017. 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரித்துவந்த எஃப்பிஐயின் இயக்குநர் ஜேம்ஸ் கோமியை டிரம்ப் மே 9 அன்று நீக்கினார். எட்டு நாளில் ராபர்ட் முல்லர் சிறப்பு விசாரணையாளராக வந்தார். 2019இல் வெளியான 448 பக்க அறிக்கையின் இரண்டாம் பகுதி முழுவதும் விசாரணைக்கு இடையூறு நடந்ததா என்பதைப் பற்றியது. அதிபர் குற்றம் செய்தார் என்று அறிக்கை முடிவு செய்யவில்லை, குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை. பதவியில் இருக்கும் அதிபர்மீது குற்றஞ்சாட்ட முடியாது என்ற நீதித்துறைக் கொள்கை முல்லரின் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

2024 ஜூலை 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் இன்னும் ஒரு படி போனது. அதிபர் தம் மைய அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்தவற்றுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து முழு விலக்கு உண்டு என்றது. நீதித்துறை அதிகாரிகளோடு அவர் பேசியவையும் அந்த விலக்குக்குள் வந்துவிட்டன. எது அலுவல் சார்ந்த செயல் என்று பிரிக்கும்போது அதிபரின் நோக்கத்தை நீதிமன்றம் ஆராயக்கூடாது என்றும் சொன்னது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் ஆபத்தான வரி அதுதான். விசாரணைக்கு இடையூறு என்ற குற்றமே நோக்கத்தில்தான் நிற்கிறது. ஓர் அதிகாரியை மாற்றுவது குற்றமில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மாற்றினாரா என்பதே கேள்வி. அதைக் கேட்காதே என்றால் மிச்சம் வெறும் இடமாற்ற உத்தரவுதான். சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுவே: உங்களை மாற்றியவர் நீங்கள் விசாரித்துக்கொண்டிருந்த ஆள் இல்லையே.

பணம் வந்த கதை, சுருக்கமாக

1எம்டிபி 2009இல் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் சுமார் 42 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) கடனில் நின்றது. 2015 ஜூலை 2 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல், கிட்டத்தட்ட 700 மில்லியன் அமெரிக்க டாலர் நஜிப்பின் சொந்தக் கணக்குக்கு வந்ததாக எழுதியது. நம் ஊரில் அது "2.6 பில்லியன்" என்ற பெயரில் பிரபலமானது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்திருந்தது. மளிகைக் கடைச் சீட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துறைத் தலைவர் அலுவலகம், போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம், மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஆகிய நான்கும் சேர்ந்த சிறப்புப் பணிக்குழு விசாரித்தது. ஜூலை 7 அன்று ஆறு வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மறுநாள் 1எம்டிபி அலுவலகத்தில் சோதனை நடந்தது. வேலை வேகமாகத்தான் போனது. ஜூலை 26 அன்று ஆளும் அம்னோ கட்சியின் சேராஸ் தொகுதிக் கூட்டத்தில் முகைதீன், 1எம்டிபி குறித்து மக்களுக்கு விளக்கம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். இரண்டு நாளில் அவர் துணைப் பிரதமர் இல்லை. இதற்கு நடுவே, 1எம்டிபி பற்றி எழுதிவந்த சரவாக் ரிப்போர்ட் இணையதளம் முடக்கப்பட்டிருந்தது. தி எட்ஜ் குழுமத்தின் இரண்டு ஏடுகளுக்கு மூன்று மாதத் தடை வந்திருந்தது. அந்தத் தடையை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது.

தடை வந்த வரிசை

ஜூலை 28க்குப் பிறகு நடந்தவற்றை மெதுவாகப் படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3 அன்று, அந்த 2.6 பில்லியன் நன்கொடை என்றும் 1எம்டிபி பணம் இல்லை என்றும் ஊழல் தடுப்பு ஆணையமே அறிக்கை விட்டது. அதே வாரத்தில் ஆணையத்தின் இரண்டு மூத்த இயக்குநர்களைப் பிரதமர் துறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. அவர்களில் ஒருவர் சிறப்பு நடவடிக்கைப் பிரிவின் இயக்குநர் பஹ்ரி முகமட் ஸின். விசாரித்துக்கொண்டிருந்தவரை, விசாரிக்கப்படுபவரின் துறைக்கே மாற்றுகிறார்கள்! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே உத்தரவு ரத்தானது. இந்த ஒரு சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சத்தம் போட்டால் நிற்கும் என்பதற்கு அந்த ஆண்டில் கிடைத்த சில சாட்சிகளில் இது ஒன்று. போலீஸ் சிறப்புப் பிரிவின் துணை இயக்குநர் அப்துல் ஹமிட் படோருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவரும் பிரதமர் துறைக்கு மாற்றப்பட்டார், மாற்றம் மாற்றமாகவே நின்றது. ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பெர்சே 4 பேரணிக்கு மஞ்சள் சட்டை அணிவதற்கே தடை போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மஞ்சள் சட்டையோடுதான் வந்தார்கள்.

2016 ஜனவரி 26. புதிய சட்டத்துறைத் தலைவர் முகமட் அபாண்டி அலி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஊழல் தடுப்பு ஆணையம் அனுப்பிய மூன்று விசாரணைக் கோப்புகளிலும் பிரதமர் செய்த குற்றம் எதுவும் இல்லை, கோப்புகளை மூடலாம் என்றார். 681 மில்லியன் டாலர் சவூதி அரச குடும்பம் தந்த நன்கொடை, அதில் 620 மில்லியன் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது என்றார். குற்றமே இல்லாதபோது வெளிநாடுகளிடம் சட்ட உதவி கேட்கத் தேவையில்லை என்றும் முடித்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் அவர் கையில் சில தாள்களைத் தூக்கிக் காட்டினார். கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் கண்ட கட்டங்களும் அம்புக்குறிகளும் முன்பு 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி இன்டர்நேஷனலில் தொடங்கி, கண்டிங்கான் மெந்தாரி, இஹ்சான் பெர்டானா என்ற நிறுவனங்கள் வழியாக நஜிப்பின் கணக்கில் போய் முடிந்தன. குற்றம் இல்லை என்று அறிவித்த மேசையிலேயே பணம் போன பாதை வரைபடமாக இருந்தது. எஸ்ஆர்சி 4 பில்லியன் வெள்ளி கடன் வாங்கியது அரசாங்க ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிடம். என் சித்தப்பா போன்றவர்களின் ஓய்வூதியத்துக்கு உள்ள நிதி அது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நஜிப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது இதே எஸ்ஆர்சி வழக்கில்தான்.

அரசியலமைப்பின் 145(3) பிரிவின்படி வழக்குத் தொடுப்பதும், நடத்துவதும், நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆணையத்தில் அதிகாரிகள் எத்தனை இரவு கண்விழித்துக் கோப்பு தயாரித்தாலும் அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் நீதிமன்ற வாசலைத் தொட முடியாது. முழு நாட்டின் விசாரணையும் ஒரே மேசையின் வழியாகப் போகிறது, அந்த மேசையில் யார் உட்கார வேண்டும் என்பதோ பிரதமரின் ஆலோசனையில் முடிவாகிறது.

பென்சில் பெட்டி

இந்த நிகழ்விலேயே என்னை அதிகம் பாதித்தது தேசியக் கணக்காய்வுத் துறையில் நடந்தது. 1எம்டிபி பற்றிய கணக்காய்வு அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு முன், 2016 பிப்ரவரி 24 அன்று அரசாங்கத் தலைமைச் செயலாளர் அலுவலகத்தில் ஒரு கூட்டம். அறிக்கையிலிருந்து சில பகுதிகளை எடுப்பது பற்றிப் பேச்சு. 1எம்டிபி பணம் தொடர்பாகப் பின்னர் தேடப்பட்ட தொழிலதிபர் ஜோ லோ 1எம்டிபி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இருந்தார் என்ற குறிப்பும் எடுக்கப்பட்டவற்றில் ஒன்று.

கூட்டத்தில் ஒரு பெண் கணக்காய்வு அதிகாரியை அறைக்கு வெளியே போகச் சொன்னார்கள். அவர் சக அதிகாரியின் பென்சில் பெட்டிக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுப் போனார். முதல் அறிக்கையின் பிரதிகளை அழிக்கச் சொன்னபோது ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார். பின்னாளில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் இதை அவரே சாட்சியமாகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்களுக்கு நடுவில், பதவி பெரிதில்லாத ஒருவர் எடுத்த முடிவு அது. வேலை போயிருக்கலாம், வழக்கும் வந்திருக்கலாம்.

அப்படிப் பயப்படக் காரணமும் இருந்தது. அந்தக் கணக்காய்வு அறிக்கையை அரசாங்கம் அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் கீழ் கொண்டுபோய்ப் பூட்டியது. அறிக்கையின் 98ஆம் பக்கத்தை வைத்திருந்தார் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ரஃபிஸி ரம்லிக்கு 2016 நவம்பரில் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மேல்முறையீட்டில் அவர் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டார். ஆட்சி மாறிய 2018 மே மாதத்தில்தான் அறிக்கை மக்கள் கண்ணுக்கு வந்தது.

அறிக்கையைத் திருத்தியது தொடர்பாக நஜிப்மீதும் 1எம்டிபி முன்னாள் தலைமை நிர்வாகி அருள் கந்தா கந்தசாமிமீதும் வழக்கு நடந்தது. 2023 மார்ச் 3 அன்று இருவரும் விடுதலையானார்கள். அரசுத் தரப்பு வழக்கை நிறுவவில்லை என்றது நீதிமன்றம். நஜிப்பின் விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு, உரிய காலத்தில் மனு தாக்கல் செய்யாததால் அடிபட்டுப் போனது. சட்டத்தின் முன் அவர்கள் இந்தக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். அதை மதித்துத்தான் எழுத வேண்டும். ஆனால் காலக்கெடுவைத் தவறவிட்ட அரசுத் தரப்பிடம் மக்கள் கேள்வி கேட்பதற்கு அது தடையில்லை.

பிரதமர் பொது அதிகாரியா?

அதிகம் பேசப்படாத ஒரு வழக்கு உண்டு. முன்னாள் பிரதமர் மகாதீரும் வேறு இருவரும் 2016இல் நஜிப்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். தன்மீதான விசாரணைகளைத் தடுக்கப் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதே அதன் சாரம். அதாவது இந்தக் கட்டுரையின் கேள்வியை அப்படியே நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழக்கை முழு விசாரணைக்கே விடாமல் தள்ளுபடி செய்தது. பிரதமர் நிர்வாகத்தின் உறுப்பினர், பொது அதிகாரி இல்லை, எனவே அந்தக் குற்றச்சாட்டு அவருக்குப் பொருந்தாது என்றது.

அப்படியானால் நில அலுவலகத்துக் குமாஸ்தா பதவியைத் தவறாகப் பயன்படுத்தினால் வழக்குப் போடலாம், நாட்டின் பிரதமர் செய்தால் போட முடியாது. இரண்டரை ஆண்டு கழித்து, 2019 நவம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர் டோனி புவா தொடுத்த வேறொரு வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைத் திருத்தியது: பிரதமரும் பொது அதிகாரிதான். அமெரிக்காவில் 2024இல் உச்ச நீதிமன்றம் போன திசைக்கு நேர் எதிரான திசை இது. நம் நீதிமன்றங்களைக் குறை சொல்லவே பழகிப்போன நமக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகள் இதை முதல் பக்கத்தில் விளக்கி எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

திறந்தது எப்படி

உள்ளே மூடிய கதவு வெளியிலிருந்துதான் திறந்தது. சுவிட்சர்லாந்து விசாரித்தது. சிங்கப்பூர் 2016 மே மாதத்தில், 1எம்டிபி பணம் புழங்கிய பிஎஸ்ஐ வங்கியையே மூடியது. ஜூலை 20 அன்று அமெரிக்க நீதித்துறை, 350 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாகச் சொல்லிச் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடுத்தது. அதன் ஆவணங்களில் "மலேசிய அதிகாரி 1" என்று ஒருவர் வந்தார். சொந்த நாட்டில் மூடிய கோப்பை மலேசியர்கள் அமெரிக்க நீதிமன்றத் தாள்களில் படிக்க வேண்டியதாயிற்று.

2018 மே 9 பொதுத் தேர்தலில் நஜிப்பின் தேசிய முன்னணி தோற்றது. மே 22 அன்று ஊழல் தடுப்பு ஆணையத்தின் புதிய தலைவர் சுக்ரி அப்துல், விசாரித்த காலத்தில் தமக்கு வந்த மிரட்டல்களைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். வீட்டுக்கு ஒரு துப்பாக்கிக் குண்டு அனுப்பப்பட்டதைச் சொன்னார். தம் அதிகாரிகள் பட்ட பாட்டைச் சொல்லும்போது கண் கலங்கினார். ஜூலை 3 அன்று நஜிப் கைதானார். 2020 ஜூலை 28 அன்று எஸ்ஆர்சியின் 42 மில்லியன் வெள்ளி தொடர்பான ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது: 12 ஆண்டுச் சிறை, 210 மில்லியன் வெள்ளி அபராதம். 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ய, அவர் காஜாங் சிறைக்குப் போனார். 2024இல் மன்னிப்பு வாரியம் தண்டனையை ஆறு ஆண்டாகவும் அபராதத்தை 50 மில்லியனாகவும் குறைத்தது.

பார்த்தீர்களா, கடைசியில் நீதி ஜெயித்தது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேர்தலில் ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பு இன்றும் மூடித்தான் கிடக்கும். ஒரு விசாரணை பிழைக்க ஆட்சியே கவிழ வேண்டும் என்றால், அதை முறை என்று எப்படிச் சொல்வது? எஸ்ஆர்சி பண வழக்கில் தண்டனை வந்தது உண்மை. விசாரணையைத் தடுத்ததற்காகத் தனியாக யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2023 செப்டம்பரில் துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடிமீது இருந்த 47 குற்றச்சாட்டுகளைச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் தொடர விரும்பவில்லை என்றது. மேலும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு இல்லாமலேயே அவர் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதே 145(3), அதே மேசை, வேறு அரசாங்கம். சீர்திருத்தம் கேட்டுத் தெருவில் நின்றவர்கள் ஆளும்போதும் மக்களுக்குச் சந்தேகம் வருகிறது என்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை.

நம் சமூகத்துக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. 2009இல் போலீஸ் காவலில் இறந்த ஏ. குகனின் குடும்பம் கேட்டதும் இதே கேள்விதான்: குற்றம் சாட்டப்பட்டவர்களின் துறையே அதை விசாரித்தால் எப்படி? போலீஸ்மீதான புகார்களுக்குச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005லேயே பரிந்துரைத்துவிட்டது.

அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்டத்துறைத் தலைவர் பதவியையும் வழக்குத் தொடுக்கும் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் பதவியையும் பிரிக்க வேண்டும் என்பதில் இப்போது பெரும்பாலும் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போகின்றன. பிரிப்பது மட்டும் போதாது. புதிய தலைமை வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதில் நாடாளுமன்றக் குழுவுக்குப் பங்கு வேண்டும். நீதிபதியை நீக்குவது போல ஒரு நடுவர் மன்றத்தின் விசாரணைக்குப் பிறகே அவரை நீக்க முடிய வேண்டும். உயர் பதவியில் இருப்பவர்மீதான வழக்கை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும், அதை நீதிமன்றம் ஆராயவும் வழி வேண்டும். ஊழல் தடுப்பு ஆணையத் தலைவரின் நியமனமும் பிரதமரின் ஆலோசனையில்தான் நடக்கிறது, அதுவும் மாற வேண்டும். விசாரணை நடக்கும்போது விசாரணை அதிகாரியை இடம் மாற்றுவதென்றால், விசாரணைக்கு உட்பட்டவருக்குக் கீழ் இல்லாத ஓர் அமைப்பின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். ஆணையத்தின் சோதனைக்குத் தடை செய்தால் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி வழக்குப் போடலாம். விசாரிப்பவரையே இடம் மாற்றினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது கேட்டால் இன்னும் நல்லது.